பெட்டியும் கட்டினேன், காப்பும் கட்டிக்கொண்டேன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரும் இன்று தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சில மாதங்களாக இந்த வீட்டில் என்னை ஏழு வயதுப் பிள்ளையைப் போல நடத்துகிறார்கள்.

தமிழ்ப் பள்ளிக்கு நான் போனது கொஞ்ச காலம்தான். தம்பி பிறந்ததும் தொட்டில் ஆட்ட வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதாதே, புத்தகத்தில் வருவது போல எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களும் நானும் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே போடச் சொன்னேன். என்னிடம் எப்படிப் பேசினார்கள் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

மலேசியாவில், மலாக்காவை அடுத்த ஜாசினில், கடைசி மகன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவோரம் என் பெட்டி நிற்கிறது, பூட்டு போட்டது போட்டபடி. என் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. திருச்சிக்குப் போக வேண்டிய விமானம் திங்கட்கிழமையே போய்விட்டது. நான் போகவில்லை.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டால் முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நான் சமையல். கல்யாணமாகி வந்த வருடம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். பிறகு சாம்பார் அண்டா என் பொறுப்பு. பிறகு சமையற்கட்டே என் பொறுப்பு. பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் லயத்து வீடுகள் காலியாகி எல்லோரும் ஜாசினுக்கும், தொழிற்சாலைகள் இருக்கும் செங்குக்கும் குடி போனோம், திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வந்தோம். அப்போதும் அண்டா என்னிடம்தான் வந்தது. அன்னதானத்தில் ஒரு வருடம்கூடச் சோறு பற்றவில்லை என்று யாரும் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் ஒரு திருவிழாவை நான் முழுதாகப் பார்த்ததில்லை. உறுமி மேளம் கேட்கும், பார்க்க மாட்டேன். கரகம் கிளம்பும்போது பருப்பு பொங்கும். தீமிதி என்றால் எனக்குத் தெரிந்தது, மிதித்துவிட்டு வந்த பிள்ளைகள் மோர் கேட்டு வந்து நிற்பது. அம்மன் ஊர்வலம் முடிந்து திரும்பி வந்த பிறகு கைகழுவிக்கொண்டு போய்க் கும்பிடுவேன். வாடிய மாலையைத்தான் எப்போதும் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, மகளிர் சிலர் சேர்ந்து இந்தியாவுக்குப் பேக்கேஜ் டூரில் போனபோது நானும் போனேன். வேனில் ஏற்றினார்கள், இறக்கினார்கள். கையில் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி ஒருவன் முன்னால் ஓடினான். ஒவ்வொரு கோயில் வாசலிலும், "பத்து நிமிசம்மா, பத்தே நிமிசம்" என்றான். ஒரு நாள் சாயங்காலம் ஏதோ ஒரு ஊர் வழியாகப் போனோம். தெருவெல்லாம் தென்னங்கீற்றுப் பந்தல். உள்ளே எங்கேயோ மேளம் அடித்தார்கள். கூட்டம் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ சாமி புறப்படப் போகிறது என்று தெரிந்தது.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து, பாத்துட்டுப் போவோம்" என்றேன்.

"அது நம்ம புரோகிராம்ல இல்லம்மா" என்றான்.

வேன் திரும்பியது. மேளச் சத்தம் பின்னால் போய்விட்டது. என் காதில் மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம்தான் இந்த எண்ணம் வந்தது. இனி போனால் என் இஷ்டத்துக்குப் போவது. அங்கே மாசி பிறந்தால் ஊருக்கு ஊர் கொடியேறுகிறது, சித்திரை முடியும்வரை ஓய்வதில்லை என்கிறார்கள். அந்த நாளில் போவது. ஒரு ஊரில் இறங்கினால் அந்தத் திருவிழா முடியும்வரை அங்கேயே கிடப்பது. யாருக்கும் என்னைத் தெரியாத இடம். "உப்பு எங்கக்கா, கரண்டி எங்கக்கா" என்று கேட்க ஆள் இல்லாத இடம். உட்கார்ந்து பார்ப்பது.

பேத்தி மலாக்காவில் கல்லூரியில் படிக்கிறாள். சனி ஞாயிறு வந்தால் அவள் கைபேசியில் இருவரும் ஊர் பார்ப்போம். முதலில் பழனியில் பங்குனி உத்திரம். பிறகு சமயபுரத்துச் சித்திரைத் தேர். பிறகு மதுரை. நடுவில் ரயில்தான், வேன் கிடையாது. தங்குமிடத்துக்கு நான் போட்ட கட்டளை மூன்று: மாடிப்படி ஏறக் கூடாது, தெருவைப் பார்த்து ஜன்னல் இருக்க வேண்டும், கழிவறை நாற்காலி மாதிரி இருக்க வேண்டும்.

"பாட்டி, இத்தனை நாள் ஒரே ஊர்ல என்ன செய்வீங்க?"

"பெலான் பெலான், மெதுவா மெதுவா பாப்பேன். ஒனக்கு என்ன அவசரம்?"

மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் செங்கில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வீட்டிலும் சூப்பர்வைசர்.

"மா, இந்த வயசுல தனியா போயி என்னா செய்யப் போறீங்க? பேக்கேஜ்ல போங்க லா. ரூமு, சாப்பாடு, எல்லாம் அவன் பாத்துக்குவான்."

"எல்லாத்தையும் அவன் பாத்துக்கிட்டா, நான் எதடா பாக்குறது?"

"சூசா லா ஒங்களோட" என்று வெளியே போய்விட்டான். தொல்லை என்று மலாயில் சொன்னால் எனக்கு வலிக்காது என்று நினைப்பு.

தனியாக விடமாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடித்ததால் என் சம்பந்தியம்மாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். மூத்த மகளின் மாமியார், மஸ்ஜித் தானாவில் இருக்கிறாள். அவள் மகன் மளிகைக் கடை வைத்திருக்கிறான். அவளுக்குத் திருவிழாவைவிடச் சேலைக் கடைதான் கண்ணில் நிற்கிறது. இருந்தாலும் தைரியசாலி. டிக்கெட் எடுத்தோம். பெட்டியை அன்றே கட்டிவிட்டேன். இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. தினமும் திறந்து மடித்த சேலையை எடுத்து மறுபடி மடித்து வைப்பேன். ராத்திரி தூக்கம் சரியாக வராது. இருப்புக் கொள்ளவில்லை என்று சொல்வார்களே, அது.

இப்போது இரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மனுக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் இல்லை, இரதக்காரர். மயில் மாதிரி விளக்குப் போட்ட இரதம், லாரி மேல் ஏற்றியது, எங்கள் பக்கத்தில் ஒருவரிடம்தான் இருக்கிறது. பல தோட்டத்துக் கோயில்களும் அதைத்தான் வாடகைக்கு எடுக்கின்றன. ஆகவே அவருக்கு எந்தச் சனிக்கிழமை காலியோ அதுதான் எங்களுக்குத் திருவிழா. வழக்கமாகப் பள்ளி விடுமுறையில் வரும். இந்த வருடம் அந்த வாரத்தை வேறு தோட்டத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். எங்கள் கோயில் தலைவர் என் வீடு தேடி வந்தார்.

"பெரியம்மா, இந்த வருசம் பங்குனியிலயே வச்சிட்டோம். இரதம் அப்பத்தான் கெடைக்குது."

"வச்சுக்குங்க தம்பி. நான் இருக்க மாட்டேன்."

"சமையல்?"

"என் ரெண்டாவது மருமக இருக்கா. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா போடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன், பெருமையாகத்தான் இருந்தது. கொடியேற்றம் வெள்ளிக்கிழமை, என் விமானம் திங்கட்கிழமை. கொடியேற்றத்துக்கு மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சம்பந்தியம்மாவும் கூட வந்தாள்.

கொடி ஏறியது. மேளம் உச்சத்துக்குப் போனது. எனக்கு அந்த இடத்தில் நின்று பழக்கமே இல்லை. வழக்கமாக அந்த நேரம் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பேன், பூசாரியே சமையற்கட்டுக்கு வந்து எனக்குக் காப்புக் கட்டிவிட்டுப் போவார். அன்று பூசாரி தட்டில் மஞ்சள் கயிறுகளோடு வரிசையாக வந்தார். எனக்கு முன்னால் நின்றார். என் கை நீண்டது.

நான் நீட்டவில்லை. கை தானாக நீண்டது. ஐம்பது வருடத்துப் பழக்கம். முடிச்சுப் போட்டு, விபூதி வைத்து, அடுத்த ஆளிடம் போய்விட்டார். சம்பந்தியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஐயையோ சம்பந்தி, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

அப்போதுதான் என் கையை நான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து, மஞ்சள் நீராடி, கயிற்றை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டி வெளியில் இரவு தங்கக் கூடாது. முன்பு எல்லை என்பது தோட்டத்து நுழைவாயில் பாலம். எல்லோரும் ஊர் மாறிப் போன பிறகு, பாலத்துக்குள் யாருமே குடியில்லை. கோயில் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். கடைசியில் ஜாசின் டவுன்வரை எல்லையை நீட்டினோம். செங்கில் ராத்திரி ஷிப்டு வேலை செய்கிற பிள்ளைகள், செங்குவரைக்கும் நீட்டுங்கள் என்று கேட்டார்கள். முடியாது, எல்லை என்றால் ஒரு எல்லை வேண்டும் என்று எழுந்து நின்று பேசியது நான்தான். என் பேச்சோடு அந்த வாக்குவாதம் முடிந்தது.

மகன் செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தான். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"செங்குக்கே எல்லைய நீட்ட மாட்டேன்னீங்க. இப்ப திருச்சி வரைக்கும் நீட்டுவீங்களா?"

காப்புக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"அம்மனே நிறுத்திட்டா மா. போக வேணாங்கறா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"அம்மன் சொன்னா நான் கேட்டுக்கறேன். நீ அம்மனுக்கு மைக் பிடிக்காத."

மறுநாள் கோயில் தலைவரும் வந்தார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். பூசாரியிடம் பேசிவிட்டதாகவும், காப்பை அவிழ்த்து அம்மன் சூலத்தில் கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்.

"அவசரத்துக்கு அப்படிச் செய்றதுதான் பெரியம்மா. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க தம்பி. கேட்டுக்கிட்டு இருந்தவளே நான்தானே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். அவிழ்த்துவிடலாமா என்று விரல் முடிச்சுவரை போனது. அவிழ்த்தால் நாளைக்கு எந்தப் பிள்ளையை நிறுத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல முடியும்? அந்த முகத்தோடு பழனி மலையில் ஏறி என்ன பார்ப்பது?

அவிழ்க்கவில்லை.

சம்பந்தியம்மா என்ன செய்வாள் என்று நினைத்தேன். நான் இல்லாமல் போக மாட்டாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் காப்புக் கட்டலியே சம்பந்தி" என்றாள். "எனக்கென்ன? நான் முன்னாடி போறேன். எடம் பிடிச்சு வைக்கிறேன், நீங்க பின்னாடி வாங்க."

போயே போய்விட்டாள். வாழ்நாளில் மலாக்கா டவுனுக்குக்கூட மகன் காரில்தான் போனவள். இப்போது தினமும் வீடியோவில் கூப்பிடுகிறாள். பழனியில் காவடிக் கூட்டத்தைக் காட்டுகிறேன் என்று கைபேசியைத் தூக்கிப் பிடிப்பாள். எனக்குத் தெரிவது யாரோ ஒருவருடைய தலை.

"தெரியுதா சம்பந்தி? தெரியுதா?"

"தெரியுது. மொட்டத் தலை."

"கொஞ்சம் பொறுங்க, நகருவாரு."

நகர மாட்டார். மேளச் சத்தம் மட்டும் கேட்கும். உடனே எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பேன், அப்புறம் கதவோரம் வைப்பேன். மகன் பார்த்துவிட்டு, "பெட்டிக்கு எக்ஸர்சைஸ் குடுக்கறீங்களா மா?" என்றான்.

சரி, காப்பு கட்டியாகிவிட்டது, கோயிலுக்காவது போவோம் என்று கிளம்பினேன். தினம் சாயங்காலம் ஒரு குடும்பத்தின் உபயம், பூசை, மேளம், சாப்பாடு. சமையற்கட்டில் நுழைந்தேன். என் மருமகளும் இன்னும் நான்கைந்து பெண்களும் வேலையாக இருந்தார்கள். கரண்டிக்குக் கை நீட்டினேன்.

"அத்தை, நீங்க இந்த வருசம் லீவு. போய் உக்காருங்க."

"சும்மா பாக்கறேன்மா."

"பாக்கறதா இருந்தா சாமியப் பாருங்க. சாம்பார நாங்க பாத்துக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மனுக்கு நேராகப் போட்டாள். என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நானும் மனத்தில் சொல்லிக்கொண்டேன்: இதற்குத்தானே திருச்சிக்குப் போக இருந்தாய்? இதோ நாற்காலி, இதோ சாமி. பார்.

அபிஷேகம் ஆரம்பித்தது. பால் ஊற்றினார்கள், பார்த்தேன். தயிர் ஊற்றினார்கள், பார்த்தேன். சந்தனம் குழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். சமையற்கட்டுப் பக்கமிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே போட்டுவிட்டாள் என்று மூக்கு சொன்னது. கண் அம்மனைப் பார்க்கிறது, கால் ஆடுகிறது. திரை போட்டார்கள். அலங்காரம் முடிந்து திரை விலகும்போது நான் நாற்காலியில் இல்லை. சமையற்கட்டு வாசலில் நின்று, "அப்பளத்த இப்பவே பொரிக்காதீங்க, நமுத்துப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினேன். தீபாராதனை முடிந்திருந்தது.

மறுநாளும் உட்கார்ந்தேன். மறுநாளும் எழுந்தேன். அன்று அண்டா பக்கம்கூடப் போகவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக அடுக்கிவைத்துக்கொண்டிருந்தேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தேன். அப்போது வந்த பயம் விமானம் போனபோதுகூட வரவில்லை. இவ்வளவு பேரோடு சண்டை போட்டு, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலில் உட்கார என்னால் முடியுமா? தேர் நகர்ந்து வரும்போது நான் யார் வீட்டு வாசலையோ பெருக்கிக்கொண்டிருப்பேனோ? போக வேண்டாம் என்று மகன் சொன்னது வேறு காரணத்துக்காகச் சரியாகிவிடுமோ?

திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்த பேத்தியிடம்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

"பாட்டி, மூணு ஊர் வேணாம். ஒரு ஊர் போதும்" என்றாள். "பழனி போயிடுச்சு. மதுரையில ரொம்பக் கூட்டம். சமயபுரம் மட்டும் வச்சுக்குவோம். கொடி ஏத்தறதுல இருந்து எறக்கற வரைக்கும் அங்கேயே இருங்க. முதல் நாள் எழுந்திருச்சு போனா என்ன, மறுநாளும் திருவிழா இருக்குமில்ல?"

யோசித்தேன். எழுந்து போவதற்கும் திரும்பி வந்து உட்காருவதற்கும் இடம் விட்டு ஒரு பயணம். அதுதான் நிதானம் போலிருக்கிறது. டிக்கெட் தேதியை மாற்றிவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு, காப்பு அவிழும். அதற்கடுத்த வாரம் நான் கிளம்புகிறேன். மகனிடம் சொன்னேன்.

"ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விடணுமா?"

"டாக்சி இருக்கு."

"இல்ல, நானே விடறேன். திருப்பி ஏதாச்சும் கயித்துல கைய நீட்டிடுவீங்க."

சம்பந்தியம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரே ஊரா என்று முதலில் முகத்தைச் சுளித்தாள், பக்கத்தில் திருச்சியில் சேலைக் கடைகள் இருப்பது ஞாபகம் வந்ததும் சரி என்றாள். பழனியிலிருந்து சமயபுரம் போய், தேர் போகும் தெருவிலேயே அறை பார்த்துவிட்டாளாம். ஜன்னலைக் கைபேசியில் காட்டினாள். ஜன்னலை ஒட்டி உள்ளே ஒரு மர நாற்காலி கிடக்கிறது. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

நாளை சனிக்கிழமை, எங்கள் இரதம் வருகிறது. சமையற்கட்டுப் பக்கம் போக மாட்டேன் என்று மருமகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடியுமா தெரியவில்லை. இப்போதுகூட இதைச் சொல்லிக்கொண்டே மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை அடுப்பில் பால், மற்ற இரண்டு தடவை ஒன்றுமே இல்லை. பேத்தி பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சரி கண்ணு, எழுதினது போதும். எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஒரு தடவ படிச்சுக் காட்டு. பெலான் பெலான் படி, எந்த எடத்தையும் தாண்டாத. நான் இந்த நாற்காலியிலேயே உக்காந்திருக்கேன். நீ முடிக்கற வரைக்கும் எழுந்திருக்கறனா இல்லையான்னு பாப்போம்.